சேர்த்த மெமரி ஆன்லைனுக்கு வரவில்லை, ரீபூட் ஆனால் காணாமல் போகிறது: கெர்னல் பக்கா?

மார்ச் 3, மாலை 6:10 – கேள்வி

லினக்ஸ் விஎம் (மெய்நிகர் இயந்திரம்) ஒன்று 8 ஜிபி மெமரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தாங்கும் ஹோஸ்ட் இயந்திரத்தில் கியூஇஎம்யூ என்ற மெய்நிகராக்க மென்பொருள். விஎம்மை நிறுத்தாமலே 16 ஜிபி டிம் (மெமரிப் பலகை) ஒன்றைச் சேர்த்தேன். ஹோஸ்ட் பக்கம் பிழை எதுவும் இல்லை. உள்ளே ஃப்ரீ கட்டளை அதே 8 ஜிபியைத்தான் காட்டியது. மெமரியின் நிலையைப் பட்டியலிடும் எல்எஸ்மெம் போட்டால் 16 ஜிபி ஆஃப்லைன் என்று வந்தது. ஒரு லூப் எழுதி, கெர்னல் மெமரியைப் பிரித்து வைக்கும் ஒவ்வொரு பிளாக்கின் ஸ்டேட் கோப்பிலும் ஆன்லைன் என்று எழுதினேன், 24 ஆனது. நேற்று ரீபூட் செய்தேன், மறுபடி 8. புதிய மெமரியைத் தானாக ஆன்லைன் ஆக்கச் சொல்லும் ஆட்டோ ஆன்லைன் பிளாக்ஸ் கோப்பில் எழுதும் வரியை, பூட்டின் கடைசியில் ஓடும் ஆர்சி லோக்கல் ஸ்கிரிப்டில் போட்டு இன்னொரு முறை ரீபூட் செய்தேன். அந்தக் கோப்பைத் திறந்தால் ஆன்லைன் என்றே இருக்கிறது. மெமரி மட்டும் 8. கெர்னல் பக் என்றுதான் தோன்றுகிறது. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மார்ச் 3, இரவு 9:25

பக் இல்லை. ஆர்சி லோக்கல் ஓடும் நேரத்துக்கு அந்த 16 ஜிபி ஏற்கெனவே ஆஃப்லைனாகப் பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகு கொள்கையை மாற்றினால் இனிமேல் வரப்போகும் பிளாக்குகளுக்குத்தான் பொருந்தும், வந்து உட்கார்ந்துவிட்டவற்றை அது தொடாது.

பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கமாண்ட் லைனில் போடுங்கள். மெம்ஹெச்பி, டிஃபால்ட், ஸ்டேட் மூன்றையும் அடிக்கோட்டால் இணைத்து, சமக்குறி, ஆன்லைன். கிரப் (கெர்னலை ஏற்றும் நிரல்) கோப்பைப் புதுப்பித்து ரீபூட். விரிவாக நாளை.

மார்ச் 4, காலை 7:50

நேற்று அவசரத்தில் எழுதியதை விரிக்கிறேன்.

மெமரி உள்ளே வருவதில் இரண்டு கட்டம் உண்டு. முதலாவது சேர்ப்பு. ஏசிபிஐ (வன்பொருள் விவரத்தைக் கெர்னலுக்குச் சொல்லும் முறை) வழியாக டிம் வந்திருப்பதைக் கெர்னல் தெரிந்துகொள்கிறது. அந்த முகவரி வரம்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் (மெமரியின் சிறு அலகு) ஒரு குறிப்பேட்டு வரி தயார் செய்கிறது. சிஸ்எஃப்எஸ் என்ற கெர்னலின் கோப்பு மரத்தில் பிளாக் பிளாக்காக அடைவுகளை உருவாக்குகிறது. இரண்டாவது ஆன்லைன் ஆக்குவது. அப்போதுதான் அந்தப் பக்கங்கள் ஒதுக்கீட்டாளரின் கைக்குப் போகும், எந்த நிரலும் கேட்டு வாங்க முடியும். முதல் கட்டம் முடிந்து இரண்டாவது நடக்காமல் நின்றால், கிடங்கில் இறக்கிக் கணக்கிலும் ஏற்றிய சரக்கை யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்தது போல. எல்எஸ்மெம்முக்குத் தெரியும், ஃப்ரீ கட்டளைக்குத் தெரியாது.

இரண்டாவது கட்டத்தை யார் செய்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். மூன்று பேரில் ஒருவர் செய்யலாம்: நீங்களே கையால், சாதனம் வந்த செய்தி கேட்டு ஓடும் யூடெவ் விதி ஒன்றின் வழியாக, அல்லது சேர்க்கும் அதே மூச்சில் கெர்னலே. கெர்னலே செய்யும் வசதி 4.6 பதிப்பில் வந்தது, ஆட்டோ ஆன்லைன் பிளாக்ஸ் கோப்பு அதற்குத்தான். கட்டும்போது வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, இயல்பு நிலை ஆஃப்லைன்.

ரீபூட் புதிர் இதுதான். கியூஇஎம்யூவில் இப்படிச் சேர்த்த டிம், அடுத்த பூட்டில் தொடக்க மெமரிப் பட்டியலில் இடம்பெறாது. கெர்னல் எழுந்து ஏசிபிஐ அட்டவணைகளைப் படிக்கும்போது அதைக் கண்டுபிடித்து, புதிதாகச் சேர்ந்ததைப் போலவே நடத்துகிறது. அந்த நிமிடத்தில் பயனர் பக்கம் ஒரு நிரல்கூட ஓடவில்லை. கொள்கை என்னவோ அதன்படி பிளாக்குகள் பிறக்கின்றன. உங்கள் ஆர்சி லோக்கல் வந்து சேரும்போது 16 ஜிபியும் ஆஃப்லைனாகப் பிறந்து முடிந்திருக்கும். கமாண்ட் லைன் மட்டும்தான் அதற்கு முன்னால் போய் நிற்கும்.

மார்ச் 4, மதியம் 1:15

இந்த ரீபூட் விஷயத்தை எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான சர்வரில் டிம் சேர்த்துவிட்டு ரீபூட் செய்தால், ஃபர்ம்வேர் (இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பெரும்பாலும் அதைத் தொடக்க மெமரியாகவே கொடுத்துவிடும். அப்போது எல்லாம் தானாக ஆன்லைனில் இருக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு, பிறகு சொல்கிறேன்.

மார்ச் 5, இரவு 10:40

கேட்டவர் தனிச்செய்தியில் இன்னொரு கேள்வி அனுப்பியிருக்கிறார், எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கே பதில். பிளாக் சைஸ் பைட்ஸ் கோப்பில் 8000000 என்று இருக்கிறதாம். 16 ஜிபியை அதால் வகுத்தால் இரண்டாயிரத்துக்கு மேல் பிளாக் இருக்க வேண்டும், இருப்பது 128 தான், மீதி எங்கே என்கிறார்.

மீதி என்று எதுவும் இல்லை. அந்த எண் பதினாறடிமானத்தில் எழுதப்பட்டது, முன்னால் அடையாளம் எதுவும் போடமாட்டார்கள். 80 லட்சம் என்று படிக்கக் கூடாது. 13,42,17,728 பைட், அதாவது 128 எம்பி. 16 ஜிபியை 128 எம்பியால் வகுத்தால் 128. கணக்கு சரியாக இருக்கிறது.

இந்த எண்ணை ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதி வைக்காதீர்கள். எக்ஸ்86 64 பிட்டில் மொத்த மெமரி 64 ஜிபிக்குக் கீழே இருந்தால் 128 எம்பி. அதைத் தாண்டினால் கெர்னல் பெரிய பிளாக்கைத் தேர்ந்தெடுக்கலாம், 2 ஜிபி வரை போகும். நான் 128 எம்பியை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று பெரிய இயந்திரத்துக்குப் போனதும் இல்லாத பிளாக் எண்களைத் தேடிக்கொண்டிருந்தது. பிளாக் எண்களும் வரிசையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எண்ணைப் பிளாக் அளவால் பெருக்கினால் பௌதிக முகவரி வரும், முகவரியில் ஓட்டை இருக்கும் இடத்தில் எண்ணிலும் ஓட்டை இருக்கும். அடைவைப் பட்டியலிட்டு எடுங்கள். அல்லது லூப்பே வேண்டாம், சிஹெச்மெம் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அளவைச் சொன்னால் போதும்.

மார்ச் 6, இரவு 11:30

யூடெவ் போதாதா, கெர்னலை ஏன் நம்ப வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஏன் கெர்னல் பக்கம் சாய்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் 2 ஜிபி விஎம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அதில் ஓடிய நிரல் திடீரென்று மெமரி கேட்க ஆரம்பித்தது. ஃப்ரீயாக 700 எம்பி சுமார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பானேன் என்று 32 ஜிபியை ஒரே டிம்மாகக் கொடுத்தேன். யூடெவ் விதி இருந்தது, தானாக ஆன்லைன் ஆகும் என்று நம்பினேன். ஒரு நிமிடத்தில் என் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தது. கன்சோலில் பார்த்தால் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் நிரல்களைக் கொல்லும் கெர்னல் பகுதி) ஒவ்வொரு நிரலாகக் கொன்றுகொண்டிருந்தது. மெமரி போதவில்லை என்று மெமரி கொடுத்தேன், கொடுத்ததே அதைக் கொன்றது. அன்று இரவு அந்தச் சேவையை மீட்க எடுத்த நேரத்தை இன்றும் மறக்கவில்லை.

காரணம் அந்தக் குறிப்பேட்டு வரி. 4096 பைட் பக்கம் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் 64 பைட் விவரம் வைத்துக்கொள்கிறது. அறுபத்து நான்கில் ஒரு பங்கு. 32 ஜிபிக்கு 512 எம்பி. இந்த 512 எம்பி, புதிதாக வந்த மெமரியிலிருந்து எடுக்கப்படுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் மெமரியிலிருந்து போகிறது. 700இல் 512 போனால் மீதி என்ன? அதிலும் 256 பிளாக்குக்கு 256 நிகழ்வுகள் யூடெவ்வுக்குப் பாய்கின்றன. அவற்றைக் கையாள யூடெவ் துணைச் செயல்முறைகளைத் தொடங்குகிறது, அவையும் மெமரி கேட்கின்றன. உதவிக்கு வர வேண்டியவன் வாசலைத் தாண்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு கெர்னலே ஆன்லைன் ஆக்கும்படி மாற்றினேன், 8 ஜிபி டிம்களாக நான்கு முறை சேர்த்தேன், சிக்கல் வரவில்லை. ஆகவே என் பதில்: தானியங்கி ஆன்லைன் இந்த நெருக்கடியைத் தீர்க்கிறது.

மார்ச் 7, காலை 6:20

நேற்றைய கடைசி வரியைத் திருத்த வேண்டும். படுத்த பிறகு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, எழுந்து சோதனை விஎம்மில் போட்டுப் பார்த்தேன்.

ஒரே டிம்மாக 32 ஜிபி கொடுத்தால், அந்த முழு வரம்புக்குமான 512 எம்பி குறிப்பேட்டை ஒதுக்கி முடித்த பிறகுதான் முதல் பிளாக்கே ஆன்லைன் ஆகிறது. தானியங்கி கொள்கை இருந்தாலும் அதே வரிசைதான். என் பழைய 2 ஜிபி விஎம்மில் அதே ஒரே டிம்மைத் தானியங்கியோடு கொடுத்திருந்தால் யூடெவ் நெரிசல் மட்டும் குறைந்திருக்கும், 512 எம்பி எப்படியும் போயிருக்கும்.

அன்று காப்பாற்றியது பெரும்பாலும் நான்காகப் பிரித்துக் கொடுத்ததுதான். முதல் 8 ஜிபிக்கு 128 எம்பி போனது, உடனே ஆன்லைன் ஆனது. அடுத்த 8 ஜிபிக்கான 128 எம்பி முதல் 8 ஜிபியிலிருந்தே எடுக்கப்பட்டது. பிரித்ததும் உடனே ஆன்லைன் ஆனதும் சேர்ந்து வேலை செய்தன. தானியங்கிக்கு மட்டும் இத்தனை நாள் பெயர் கொடுத்து வந்திருக்கிறேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. முதல் துண்டு, கெர்னலும் தனக்கு எடுத்துக்கொள்ளும் நார்மல் ஜோனில் (மெமரிப் பிரிவில்) ஆன்லைன் ஆனால்தான் இது நடக்கும். நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கு மட்டுமான மூவபிள் ஜோனில் போட்டிருந்தால் குறிப்பேட்டுக்கு அங்கே இடம் கிடைக்காது, அது நகர்த்த முடியாத கெர்னல் சொத்து. நான்கு துண்டாகக் கொடுத்தாலும் 512 எம்பியும் பழைய 2 ஜிபியிலிருந்துதான் போயிருக்கும்.

மார்ச் 7, மாலை 5:05

காலையில் விட்டுப்போனது. குறிப்பேட்டைப் புதிய மெமரியிலேயே வைக்கும் வழியும் இருக்கிறது. மெம்மேப் ஆன் மெமரி என்ற அமைப்பு, மெமரி ஹாட்பிளக் (ஓடும்போதே சேர்ப்பது) பகுதியின் கீழ், பூட்டில் கமாண்ட் லைன் வழியாகத்தான் கொடுக்க முடியும். 128 எம்பி பிளாக் ஒன்றில் முதல் 2 எம்பி அதன் குறிப்பேட்டுக்குப் போகும், 126 எம்பி உங்களுக்கு. பழைய சுமை இல்லை. ஆனால் இது வந்த புதிதில், ஒரு சேர்ப்பு சரியாக ஒரு பிளாக் அளவாக இருந்தால்தான் பயன்பட்டது. பெரிய டிம் கொடுத்தால் பேசாமல் பழைய வழிக்கே போய்விடும். பிந்தைய கெர்னல்களில்தான் பெரிய வரம்பைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து இதைச் செய்கிறார்கள். அமைப்பை எழுதிவிட்டேன், ஆகவே நடக்கிறது என்று நினைக்காதீர்கள். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஃப்ரீ எண்ணைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள்.

மார்ச் 9, இரவு 10:10

கேட்டவர் கமாண்ட் லைனில் போட்டு ரீபூட் செய்திருக்கிறார், 24 ஜிபி வந்துவிட்டது. லூப்பை எடுத்துவிடலாமா என்கிறார். எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஆன்லைனில் இருக்கும் பிளாக்கில் மறுபடி ஆன்லைன் என்று எழுதினால் இன்வேலிட் ஆர்கியுமென்ட் என்று வரும். கெடுதல் எதுவும் இல்லை, ஆனால் 128 வரிப் பிழை லாகில் கிடந்தால் நாளைக்கு வேறொருவர் அதைத் துரத்திக்கொண்டு போவார்.

மார்ச் 10, இரவு 11:55

இப்போது முக்கியமான இடம். ஆன்லைன் என்று வெறுமனே எழுதுவதா, ஆன்லைன் கெர்னல் (நார்மல் ஜோன்) என்பதா, ஆன்லைன் மூவபிள் (மூவபிள் ஜோன்) என்பதா? 5.7 முதல் ஆட்டோ ஆன்லைன் பிளாக்ஸ் கோப்பே இந்த மூன்றையும் ஏற்கிறது. முந்தாநாள் ஒருவர், எப்போதும் மூவபிள் போட்டுவிடுங்கள், பின்னால் எடுக்கலாம் என்று எழுதியிருந்தார். அதை நான் கடுமையாக மறுக்கிறேன், அனுபவித்திருக்கிறேன்.

4 ஜிபியில் பூட் ஆன விஎம் ஒன்று. 60 ஜிபி சேர்த்து எல்லாவற்றையும் மூவபிளில் போட்டோம். தரவுத்தளம் ஓடும் இயந்திரம், பகிர்ந்த மெமரி 40 ஜிபி. சோதனையில் அருமையாக ஓடியது. நேரடிப் பயன்பாட்டுக்குப் போய் இணைப்புகள் நாற்பதைத் தொட்டதும் ஓஓஎம். ஃப்ரீ மெமரி அப்போது 15 ஜிபிக்கு மேல். 15 ஜிபி காலியாக இருக்கும்போது மெமரி இல்லை என்று கொல்கிறதே என்று இரண்டு நாள் நிரலைத்தான் சந்தேகப்பட்டோம். ஓஓஎம் அறிக்கையில் ஜோன் வாரியாக எண்கள் இருக்கும், அதை யாரும் படிக்கவில்லை. நார்மலில் ஒன்றுமில்லை. காலி அத்தனையும் மூவபிளில்.

கணக்குப் போட்டால் தெளிவாகிறது. 60 ஜிபிக்கான குறிப்பேடு 960 எம்பி, அது 4 ஜிபியிலிருந்து போயிற்று. அடுத்தது பக்க அட்டவணைகள், நிரலின் முகவரியைப் பௌதிக முகவரியோடு இணைப்பவை. ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 8 பைட் பதிவு, ஆக 40 ஜிபியை முழுதாகத் தொடும் செயல்முறை ஒன்றுக்கு 80 எம்பி. பகிர்ந்த மெமரியாக இருந்தாலும் ஒவ்வொரு செயல்முறையும் தனக்கென்று அட்டவணை வைத்துக்கொள்கிறது. நாற்பது செயல்முறைக்கு 3,200 எம்பி. பக்க அட்டவணையைக் கெர்னல் மூவபிளில் வைக்காது. 960 எம்பியும் 3,200 எம்பியும் சேர்ந்தால் 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. அதன் மேல் கெர்னல், ஸ்லாப் (கெர்னலின் சிறு பொருள்களுக்கான மெமரி), நெட்வொர்க் பஃபர் எல்லாம் இருக்கின்றன. கொட்டகை பெரிதாகிக்கொண்டே போனது, சாவி மாட்டும் ஆணி அதே ஒன்று.

ஹியூஜ் பேஜ் (பெரிய அளவுப் பக்கம்) போட்டிருந்தால் பக்க அட்டவணைச் சுமை பெரும்பாலும் போயிருக்கும். அதைப் பிறகு செய்தோம். அதற்கு முன் 60இல் 28 ஜிபியை ஆஃப்லைன் செய்து ஆன்லைன் கெர்னலாகத் திரும்பக் கொடுத்தோம். மூவபிளில் இருந்ததால் ஆஃப்லைன் ஆக்க முடிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தலைகீழாக இருந்திருந்தால் ரீபூட்தான்.

மார்ச் 11, காலை 8:30

எத்தனைக்கு எத்தனை சரி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கெர்னல் மெமரி ஒரு பங்குக்கு மூவபிள் மூன்று பங்கு, வேலையைப் பொறுத்து நான்கு வரை, பொதுவாகத் தாங்கும். எங்களுடையது 15. தாங்காததில் ஆச்சரியமில்லை.

இந்தக் கணக்கைக் கையால் போட வேண்டாம். 5.15 முதல் ஆட்டோ மூவபிள் என்று ஒரு கொள்கை இருக்கிறது. மெமரி ஹாட்பிளக் பகுதியில் ஆன்லைன் பாலிசி என்ற அமைப்பு. இயல்பாக இருப்பது கான்டிக் ஜோன்ஸ். அது ஜோன்கள் தொடர்ச்சியாக இருப்பதை மட்டும் பார்க்கும், பெரும்பாலும் எல்லாம் நார்மலுக்கே போகும். ஆட்டோ மூவபிள் போட்டால் விகிதத்துக்குள் இருக்கும் வரை மூவபிளுக்கும், தாண்டினால் நார்மலுக்கும் அனுப்பும். விகிதம் சதவீதத்தில், இயல்பு 301.

ஏன் 300 இல்லை? 8 ஜிபி விஎம்முக்கு 24 ஜிபி சேர்த்தால் முழுவதும் மூவபிளுக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். ஃபர்ம்வேர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் 8 ஜிபி என்பது முழு 8 ஆக இருப்பதில்லை. சரியாக 300 வைத்திருந்தால் கடைசியில் கொஞ்சம் இடித்திருக்கும். அந்த ஒரு சதவீதம் அதற்கு. இப்படி யோசித்து வைத்த எண்ணைப் பார்க்கும்போது எழுதியவர்கள் மேல் மரியாதை வருகிறது.

கேட்டவருக்கு: உங்கள் 8க்கு 16 என்பது இரண்டு பங்குதான். நிம்மதியாகப் போடலாம். ஆனால் கமாண்ட் லைனில் நிலை வெறும் ஆன்லைன் என்று இருக்க வேண்டும். ஆன்லைன் கெர்னல் அல்லது ஆன்லைன் மூவபிள் என்று குறிப்பிட்டுச் சொன்னால் கொள்கைக்கு வேலையே இல்லை, நீங்கள் சொன்னதைக் கேட்டுவிடும்.

மார்ச் 11, இரவு 9:00

ஜிஐபி (GiB) என்று இல்லாமல் ஜிபி என்று எழுதுவதால் சிலருக்குக் குழப்பம் போல. இந்த இழை முழுவதும் 1 ஜிபி என்றால் 1024 எம்பி.

மார்ச் 14, இரவு 10:20

பிளாக்கின் ரிமூவபிள் கோப்பில் 1 இருக்கிறது, ஆகவே நார்மலில் போட்டாலும் எடுக்கலாம் என்று ஒருவர் படத்தோடு காட்டியிருக்கிறார். அந்தக் கோப்பை நம்பாதீர்கள். முன்பு அது பிளாக்கைப் பார்த்து உத்தேசமாக ஒரு பதில் சொல்லும். பிந்தைய கெர்னல்களில், கெர்னலில் ஆஃப்லைன் வசதி இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்கிறது. எல்லாப் பிளாக்குக்கும் 1. எல்எஸ்மெம்மில் ஜோன்ஸ் பத்தியைக் கூடுதலாகக் கேட்டால் எந்த பிளாக் எந்த ஜோன் என்று வரும். அதுதான் பயன்படும் தகவல்.

நார்மலில் இருக்கும் பிளாக்கை ஆஃப்லைன் செய்து பாருங்கள். டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி என்று திரும்பும். 128 எம்பியில் 32,768 பக்கங்கள். அவற்றில் ஒரே ஒரு பக்கம் ஸ்லாபுக்குப் போயிருந்தாலும் முழு பிளாக்கும் நகராது.

நான் 4ஆம் தேதி பிறகு சொல்கிறேன் என்ற சிக்கல் இங்கேதான் வருகிறது. உண்மையான சர்வரில் கவனமாக மூவபிளில் போட்டு வைத்திருப்பீர்கள். ரீபூட் ஆனதும் ஃபர்ம்வேர் அதைத் தொடக்க மெமரியாகக் கொடுக்கும், கெர்னல் நார்மலில் போட்டுவிடும். எடுக்கும் வாய்ப்பு அதோடு போனது. மூவபிள் நோட் என்ற பூட் அமைப்பு இதற்காக இருக்கிறது. எந்த மெமரி பிற்பாடு கழற்றப்படலாம் என்று ஃபர்ம்வேர் அட்டவணையில் குறித்திருந்தால், அதை மூவபிளிலேயே வைக்கும்.

மார்ச் 15, காலை 7:10

மூவபிள் என்றால் கட்டாயம் வெளியே வரும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கங்களை நகர்த்த வேறு இடத்தில் காலி வேண்டும். இல்லாவிட்டால் ஆஃப்லைன் முயற்சி திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும், சிக்னல் கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கும்.

விஎஃப்ஐஓ மூலம் சாதனத்தை விஎம்முக்கு நேரடியாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல். நீண்ட காலம் 'பின்' செய்யப்படும் (இடம் மாறாதபடி பிடித்து வைக்கப்படும்) பக்கங்களைக் கெர்னல் மூவபிளிலிருந்து வெளியே நகர்த்திவிட்டுத்தான் பின் செய்யும். பெரிய மூவபிள் வைத்துக்கொண்டு விஎம் முழுவதையும் பின் செய்யப் போனால் நார்மலில் இடம் இல்லாமல் நிற்கும்.

மார்ச் 18, இரவு 11:15

யூடெவ் விதி வைத்திருப்பவர்கள் என் மேல் கோபமாக இருக்கிறார்கள். அதைத் தவறு என்று சொல்லவில்லை. பூட்டின்போது யூடெவ் ஏற்கெனவே இருக்கும் சாதனங்களுக்கெல்லாம் சேர்ப்பு நிகழ்வை மறுபடி எழுப்புகிறது. ஆகவே ஆர்சி லோக்கல் வரி தோற்ற இடத்தில் யூடெவ் விதி வெல்லும். ஸ்டேட் ஆஃப்லைனாக இருந்தால் ஆன்லைன் எழுது என்ற ஒரே வரிதான், பல விநியோகங்கள் அதைத் தாமாகவே வைத்திருந்தன. பிளாக்கைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், இந்த நோடில் (சிபியுவோடு சேர்த்துப் பிரித்த மெமரிப் பகுதி) வந்தால் மூவபிள், அந்த நோடில் வந்தால் நார்மல் என்றால் இன்றும் அதுதான் வழி.

தானாக ஆன்லைன் ஆகவே கூடாத இடங்களும் இருக்கின்றன. ஐபிஎம் இசட் இயந்திரங்களில் ஸ்டாண்ட்பை மெமரி என்று உண்டு. தேவைப்படும்போது நிர்வாகி கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே ஆஃப்லைனில் காத்திருக்கும். அங்கே தானியங்கி போட்டால் ஸ்டாண்ட்பை என்பதற்கே பொருள் இல்லாமல் போகும். சிஎக்ஸ்எல் (தனி இணைப்பில் வரும் மெமரி), பெர்சிஸ்டென்ட் மெமரி (மின்சாரம் போனாலும் அழியாதது) ஆகியவற்றை டாக்ஸ்சிடிஎல் கருவியைக் கொண்டு சாதாரண மெமரியாக மாற்றுபவர்களும் கவனிக்க வேண்டும். டாக்ஸ்சிடிஎல் இயல்பாக மூவபிளில் போட விரும்புகிறது. கெர்னல் முந்திக்கொண்டு வேறு ஜோனில் போட்டுவிடும் என்பதால், தானியங்கிக் கொள்கை இருப்பதைப் பார்த்தாலே மறுத்து நின்றுவிடும், வற்புறுத்தினால்தான் மேலே போகும். அந்த மறுப்பைப் பார்த்து ஒரு காலத்தில் எரிச்சலடைந்தேன். நார்மலில் போன சிஎக்ஸ்எல் மெமரியைத் திரும்ப எடுக்க முடியாமல் ரீபூட் செய்த பிறகு, அது மறுத்தது சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஆக 3ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். விஎம், டிம், ஒரே வகை மெமரி என்றால் கமாண்ட் லைன். மெதுவான மெமரி, வேகமான மெமரி என்று கலந்து இருந்தால் ஆஃப்லைனில் விட்டுவிட்டு, அதற்கென்று உள்ள கருவியிடம் விடுங்கள்.

மார்ச் 21, இரவு 9:45

கேடம்ப் (கெர்னல் விழும்போது மெமரியைச் சேமிக்கும் வசதி) வைத்திருக்கிறீர்களா? இயந்திரம் விழும்போது எந்த மெமரியைச் சேமிக்க வேண்டும் என்ற பட்டியல் முன்கூட்டியே தயாராகி இருக்கும். புதிய மெமரி வந்தால் பட்டியல் பழசாகிவிடும். அதனால் யூடெவ் விதி ஒன்று ஒவ்வொரு பிளாக்குக்கும் கேடம்ப்பை மறுபடி ஏற்றும். 128 பிளாக்குக்கு 128 முறை. நாங்கள் ஒருமுறை 64 ஜிபி சேர்த்தபோது 512 நிகழ்வுகள். சிபியு பல நிமிடம் அதிலேயே கிடந்தது. இடையில் இயந்திரம் விழுந்திருந்தால் டம்ப்பும் கிடைத்திருக்காது. 6.6 முதல் கெர்னலே பட்டியலைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. பழைய கெர்னலில் இருப்பவர்கள் நிகழ்வுகளைச் சேர்த்துவைத்து ஒருமுறை மட்டும் ஏற்றும்படி விதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

மார்ச் 21, இரவு 10:05

மேலே 512 என்றது 128 எம்பி பிளாக்கில். 2 ஜிபி பிளாக் என்றால் 32 தான்.

மார்ச் 27, மாலை 6:30

24 ஜிபி தெரிகிறது, நிரல் வேகம் கூடவில்லை என்கிறார் கேட்டவர். ஜாவா என்றால் ஹீப் உச்சவரம்பு தொடக்கத்தில் கொடுத்தது. போஸ்ட்கிரெஸ் என்றால் ஷேர்டு பஃபர்ஸ் தொடக்கத்தில் கொடுத்தது. மெமரி வந்தது கெர்னலுக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியாது. மறுதொடக்கம் செய்யாமல் உடனே பலன் பெறுவது பெரும்பாலும் கோப்புக் கேஷ்தான்.

கெர்னலிலும் சில எண்கள் பூட்டில் கணக்கிட்டது கணக்கிட்டதுதான். த்ரெட் உச்சவரம்பு பழைய 8 ஜிபியை வைத்தே நிற்கும். மின் ஃப்ரீ கேபைட்ஸ் (கெர்னல் காலியாக வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு) மட்டும் ஆன்லைன் ஆகும்போது மறுபடி கணக்கிடப்படும், அதையும் நீங்கள் கையால் உயர்த்தி வைத்திருந்தால் உங்கள் மதிப்பையே விட்டுவிட்டு லாகில் ஒரு வரி எழுதும். அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஏப்ரல் 6, இரவு 10:50

கேட்டவர் ஆட்டோ மூவபிள் போட்டு, 16 ஜிபியும் மூவபிளில் வந்து, ஒரு வாரம் ஓட்டி, இன்று வெளியே எடுத்தும் பார்த்திருக்கிறார். உள்ளே கையால் எதையும் ஆஃப்லைன் செய்யவில்லை. ஹோஸ்டிலிருந்து சாதனத்தை நீக்கும் கட்டளை கொடுத்தார், கெர்னல் தானே 128 பிளாக்கையும் காலி செய்து விடுவித்தது. விஎம் 8க்குத் திரும்பிவிட்டது. ஹோஸ்டில் மட்டும் 16 ஜிபி திரும்பி வரவில்லையாம்.

டிம்மை மட்டும்தான் நீக்கியிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் மெமரி பேக்எண்ட் பொருளைத் தனியாக நீக்க வேண்டும், ஆப்ஜெக்ட் டெல் கட்டளையில் அதன் பெயரைக் கொடுங்கள். சேர்க்கும்போது இரண்டு கட்டளை கொடுத்தீர்கள் இல்லையா, எடுக்கும்போதும் இரண்டு.

ஏப்ரல் 6, இரவு 11:20

வந்துவிட்டது என்கிறார்.